தனிக் கதவு, தனிக் கணப்பு: இங்கிலாந்தின் பழைய ஆம்ஸ்ஹவுஸ்கள்

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் தென்படும் ஆம்ஸ்ஹவுஸ் என்பது ஒர்க்ஹவுஸின் இன்னொரு பெயரா, அல்லது நம் சத்திரம் போன்றதா? ஒன்று மாதா கோயில் போலவும் இன்னொன்று கல்லூரி போலவும் வேறொன்று வரிசை வீடுகளாகவும் இருப்பது ஏன்? பார்த்த மாத்திரத்தில் காலத்தைச் சொல்லிவிட முடியுமா? மூன்றுக்கும் விடை கட்டடத்திலேயே இருக்கிறது, அதனால் கட்டடத்தை வைத்தே சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். சத்திரம் வழிப்போக்கர் ஓரிரு நாள் தங்கி உண்டு போகும் இடம். ஆம்ஸ்ஹவுஸ் அந்தந்த ஊரின் ஏழை முதியவர்கள் ஆயுள் முடியும்வரை வாடகை இல்லாமல் குடியிருக்க, ஒருவரோ ஒரு வணிகர் சங்கமோ சொத்து எழுதி வைத்து நிறுவியது. ஒர்க்ஹவுஸ் இதற்கு நேர் எதிர். அது ஏழைகளிடம் வேலை வாங்கிக்கொண்டு சோறும் இடமும் தரும் விடுதி, ஊர் வரிப்பணத்தில் நடந்தது. 1834-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, உள்ளே வர மக்கள் அஞ்ச வேண்டும் என்ற எண்ணத்துடனேயே அது நடத்தப்பட்டது. கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம் என்று பிரித்து வைத்தார்கள். ஆம்ஸ்ஹவுஸில் இடம் கிடைப்பது கௌரவம், ஒர்க்ஹவுஸுக்குப் போவது அவமானம். ஆனால் ஆம்ஸ்ஹவுஸில் இடங்கள் மிகக் குறைவு. பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் கொள்ளாதவையே அதிகம். ஒழுக்கமானவர், அந்த ஊரிலேயே பல ஆண்டுகள் வாழ்ந்தவர், தவறாமல் கோயிலுக்கு வருபவர் என்றெல்லாம் சலித்துத்தான் எடுத்தார்கள்.

பெயர்களும் பலவாறு இருக்கும். 'ஹாஸ்பிட்டல்', 'பீட் ஹவுஸ்', 'காலேஜ்' என்று எழுதியிருந்தாலும் அது ஆம்ஸ்ஹவுஸாக இருக்கலாம். 'ஹாஸ்பிட்டல்' என்ற சொல் விருந்தினரைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. மருத்துவமனை என்ற பொருள் பிற்பாடு ஏறியது. 'பீட்' என்பது வேண்டுதல், ஜெபம். இந்தச் சொல்லில்தான் பழைய ஆம்ஸ்ஹவுஸின் நோக்கமே அடங்கியிருக்கிறது. நிறுவியவரின் ஆன்மா கரையேற, உள்ளே இருக்கும் ஏழைகள் நாள்தோறும் ஜெபிக்க வேண்டும். சோறும் கூரையும் அதற்கான ஈடு. பல இடங்களில் 13 பேர் என்ற கணக்கு வருவதும் இதனால்தான்: கிறிஸ்துவும் 12 சீடர்களும். வின்செஸ்டரின் செயின்ட் கிராஸை 1130-களில் ஆயர் ஹென்றி ஆஃப் புளுவா நிறுவியபோது 13 ஏழை ஆடவர்களுக்கு இடம் வைத்தார். அதோடு வாசலில் தினம் 100 பேருக்கு உணவு அளிக்கவும் ஏற்பாடு செய்தார்.

இந்த ஜெபக் கடமைதான் முதல் கட்டட வடிவத்தைத் தீர்மானித்தது. நடக்க முடியாதவரும் படுத்த இடத்திலிருந்தே பலிபீடத்தைப் பார்க்க வேண்டும். ஆகவே ஒரு நீளமான கூடம், இரு பக்கமும் மரத்தூண்களுக்கு அப்பால் தாழ்ந்த பக்கப் பகுதிகள், அவற்றில் வரிசையாகக் கட்டில்கள், கிழக்கு முனையில் திறந்த சிற்றாலயம். சிச்செஸ்டரில் உள்ள செயின்ட் மேரிஸ் ஹாஸ்பிட்டல் இதற்கு இன்று நாம் காணக்கூடிய மிகச் சிறந்த சான்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த கூடம் அது. உச்சியிலிருந்து இறங்கும் ஓட்டுக்கூரை பக்கவாட்டில் தரையை நெருங்கி வந்து நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய தானியக் களஞ்சியம் என்றே தோன்றும். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தக் கூடத்துக்குள்ளேயே பக்கப் பகுதிகளைத் தடுத்துச் சிறு சிறு வீடுகள் ஆக்கினார்கள். அவற்றுக்கான செங்கல் புகைபோக்கிகள் பழைய கூரையைத் துளைத்து மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தப் புகைபோக்கிகளைக் கவனியுங்கள். ஆம்ஸ்ஹவுஸ் கட்டடக்கலையின் வரலாறு முழுவதும் அவற்றில் இருக்கிறது: பொதுக் கூடத்தில் ஒரு கட்டில் என்ற நிலையிலிருந்து, தனக்கென ஒரு கதவு, ஒரு கணப்பு என்ற நிலைக்கு வந்த கதை.

நார்விச்சின் கிரேட் ஹாஸ்பிட்டலில் இதையே வேறு விதமாகச் செய்தார்கள். 1249-இல் ஆயர் வால்ட்டர் டி சஃபீல்ட் நிறுவியது அது. 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு விலகிய மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு நகராட்சியின் கைக்கு வந்தபோது, அதன் கோயிலின் நடுப்பகுதியை மட்டும் வழிபாட்டுக்கு விட்டுவிட்டு, கிழக்கு மேற்குப் பகுதிகளில் இடையில் ஒரு தளம் போட்டுப் படுக்கைப் பகுதிகள் ஆக்கிவிட்டார்கள். ஒரு பக்கம் பெண்கள், மறுபக்கம் ஆண்கள். கழுகு ஓவியங்கள் தீட்டப்பட்ட 14-ஆம் நூற்றாண்டுப் பலகைக் கூரைக்கு அடியில், சிறு தடுப்பறைகளில், 1970-கள் வரை மூதாட்டிகள் வாழ்ந்திருக்கிறார்கள்.

15-ஆம் நூற்றாண்டில் தனி அறை என்ற எண்ணம் வலுத்தது. லண்டன் மேயராக இருந்த ரிச்சர்ட் விட்டிங்டன் 1423-இல் இறந்தபின் அவர் சொத்திலிருந்து 13 பேருக்காக ஓர் ஆம்ஸ்ஹவுஸ் எழுந்தது. ஒவ்வொருவருக்கும் புகைபோக்கியோடு கூடிய தனிக் குடில் தர வேண்டும் என்று அதன் விதிகளிலேயே எழுதினார்கள். தனியே இருந்து தியானிக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதன் பலன், ஓர் ஏழை முதியவருக்கு உள்ளேயிருந்து தாழிட்டுக்கொள்ளத் தனக்கென ஒரு கதவு கிடைத்தது.

இதே காலத்தில் மடங்களின், கல்லூரிகளின் முற்ற வடிவம் ஆம்ஸ்ஹவுஸுக்கு வந்தது. ஆக்ஸ்ஃபர்ட்ஷயரின் யூவெல்மில் 1437-இல் வில்லியம் டி லா போலும் அவர் மனைவி ஆலிஸ் சாசரும் 13 பேருக்கு நிறுவியது நல்ல எடுத்துக்காட்டு. நடுவில் சிறு முற்றம், சுற்றிலும் மரத்தூண் தாழ்வாரம், தாழ்வாரத்தில் ஒவ்வொரு வீட்டின் கதவு. மேட்டில் இருக்கும் கோயிலுக்கு முற்றத்திலிருந்தே படியேறிப் போய்விடலாம், மழையில் நனைய வேண்டியதில்லை. அந்த வட்டாரத்தில் செங்கல் அப்போது அரிய பொருள். அதை ஏழைகளின் வீட்டுக்குப் பயன்படுத்தியது பெரிய விஷயம். செயின்ட் கிராஸில் 1445 வாக்கில் கர்தினால் போஃபர்ட் இரண்டாவது அறக்கட்டளையைச் சேர்த்தபோது வடிவம் இன்னும் தெளிவாகிவிட்டது. ஒரு படிக்கட்டுக்கு நான்கு வீடுகள், கீழே இரண்டு, மேலே இரண்டு. வரிசையாக நிமிர்ந்து நிற்கும் உயரமான புகைபோக்கிகளே அந்தக் கட்டடத்தின் முகம். பழைய அறக்கட்டளையின் சகோதரர்கள் கறுப்பு அங்கியும் போஃபர்ட்டுடையவர்கள் சிவப்பு அங்கியும் அணிவது இன்றும் தொடர்கிறது.

கூடமும் முற்றமும் சேர்ந்த இடைவழியும் உண்டு. டோர்செட்டின் ஷெர்போர்னில் 12 ஆண்கள், 4 பெண்களுக்காக 1437-இல் அரச அனுமதி பெற்றுக் கட்டியதில் இரண்டு மாடிகள். மேல்மாடியும் கீழ்மாடியும் ஒரே சிற்றாலயத்தை நோக்கித் திறந்திருந்தன. எந்தத் தளத்தில் இருந்தாலும் பூசை கண்ணில் படும்.

1530-களிலும் 40-களிலும் எட்டாம் ஹென்றி மடங்களை ஒழித்தபோதும், 1547-இல் ஆன்ம ஜெபத்துக்கான அறக்கட்டளைகளை அரசு பறித்தபோதும், ஆம்ஸ்ஹவுஸ்கள் பல அடியோடு போயின. மடத்தின் ஓர் அங்கமாக இருந்தது மடத்தோடு போயிற்று. நகராட்சியோ வணிகர் சங்கமோ கையில் எடுத்துக்கொண்டது பிழைத்தது. அபிங்டனில் 1446-இல் எழுந்த 'லாங் ஆலி' ஆம்ஸ்ஹவுஸ் அப்படிப் பிழைத்தவற்றில் ஒன்று. நிறுவிய சகோதர சங்கம் கலைக்கப்பட்டபின் ஊர்க்காரர்கள் 1553-இல் புதுச் சாசனம் வாங்கி அதைக் காப்பாற்றினார்கள். வீடுகளின் முன்னால் நீண்டு ஓடும் அதன் மரத் தாழ்வாரம் நம் ஊர்த் திண்ணையை நினைவுபடுத்தும்.

அதன்பின் வந்த எழுச்சிக்கு ஒரு சட்டம் காரணம், அதைப் பலரும் கவனிப்பதில்லை. அதுவரை ஓர் ஆம்ஸ்ஹவுஸுக்குச் சட்ட ஆளுமை, அதாவது தன் பெயரிலேயே சொத்து வைத்திருக்கும் உரிமை, கிடைக்க அரசரிடம் தனி அனுமதி வாங்க வேண்டும், செலவும் அலைச்சலும் அதிகம். 1597-ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டுக்கு குறைந்தது 10 பவுண்டு வருமானமுள்ள சொத்தை எழுதி வைத்து நீதிமன்றத்தில் பதிவு செய்தால் போதும் என்று ஆக்கியது. அடுத்த 100 ஆண்டுகளில் வணிகர்களும் பேராயர்களும் கைம்பெண்களான பிரபுக்குலப் பெண்களும் போட்டி போட்டுக் கட்டினார்கள். ஜெபத்துக்கான ஈடு என்ற நோக்கம் போய், தன் பெயரும் குலச்சின்னமும் ஊர் நடுவில் நிற்க வேண்டும் என்ற ஆசை வந்தது. அதனால்தான் இக்காலத்துக் கட்டடங்களில் வாயில் கோபுரமும் அதன்மேல் சின்னமும் எடுப்பாக இருக்கும். கில்ட்ஃபர்டில் பேராயர் ஜார்ஜ் அபட் 1619-இல் அடிக்கல் நாட்டிய ஹாஸ்பிட்டலின் செங்கல் வாயிலைப் பார்த்தால் ஏதோ அரண்மனை என்றே நினைப்பீர்கள். குராய்டனில் பேராயர் விட்கிஃப்ட் 1590-களின் கடைசியில் கட்டியது அடக்கமான முற்றம். சாலையை அகலப்படுத்த அதை இடிக்கத் திட்டமிட்டபோது, 1923-இல் பிரபுக்கள் சபை தலையிட்டுத்தான் அது தப்பியது.

கோட்ஸ்வோல்டின் சிப்பிங் கேம்டனில் சர் பாப்டிஸ்ட் ஹிக்ஸ் 1612-இல் கட்டியது வரிசை வீட்டு வகைக்கு அழகான சான்று: தேன் நிறக் கல், 12 வீடுகள், 6 ஆண்களுக்கு, 6 பெண்களுக்கு. டெவனின் மோர்ட்டன்ஹாம்ஸ்டெட்டில் 1637-இல் எழுந்தது கருங்கல் தூண்கள் தாங்கும் முன் தாழ்வாரமும் வைக்கோல் கூரையும் கொண்டது. எல்லாவற்றிலும் விந்தையானது யார்க்ஷயரின் பீம்ஸ்லி. 1593-இல் கம்பர்லண்ட் சீமாட்டி மார்கரெட் கிளிஃபர்ட் கைம்பெண்களுக்காக நிறுவிய அதில் வட்டமான ஒரு கட்டடம் இருக்கிறது. நடுவில் சிற்றாலயம், சுற்றிலும் அறைகள். சிற்றாலயத்தைக் கடக்காமல் அறைக்குப் போக முடியாது. ஜெபத்துக்கு வரவில்லை என்று சொல்ல வழியே இல்லாத திட்டம் அது.

17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இன்னொரு மாற்றம். நான்கு பக்கமும் மூடிய முற்றத்தின் ஒரு பக்கத்தைத் திறந்து, தெருவைப் பார்த்த 'ப' வடிவமாக்கினார்கள். காற்றும் வெளிச்சமும் வந்தன, நிறுவியவரின் தருமமும் தெருவில் போகிறவர் கண்ணில் பட்டது. லண்டன் மைல் எண்ட் சாலையில் 1695-இல் எழுந்த டிரினிட்டி ஆம்ஸ்ஹவுஸ், நொடித்துப்போன 28 கப்பல் தலைவர்களுக்கும் அவர்களின் கைம்பெண்களுக்குமானது. எதிரெதிரே இரு வரிசை வீடுகள், கடைசியில் சிற்றாலயம், தெருப்பக்க முகப்புகளில் கப்பல் சிற்பங்கள். 1890-களில் அதை இடிக்க முயன்றபோது சி. ஆர். ஆஷ்பீ என்ற கட்டடக்கலைஞர் நடத்திய போராட்டத்திலிருந்துதான் லண்டனின் பழைய கட்டடங்களை அளந்து பதிவு செய்யும் பெரும் பணியே பிறந்தது. ஷோர்டிச்சில் இரும்பு வணிகர் சங்கம் 1714-இல் கட்டிய ஜெஃப்ரி ஆம்ஸ்ஹவுஸில் 14 வீடுகள், வீட்டுக்கு 4 அறைகள், ஓர் அறைக்கு ஒரு குடித்தனம். 1914 முதல் அது அருங்காட்சியகம். பணம் கொடுத்த சர் ராபர்ட் ஜெஃப்ரி ஆப்பிரிக்க அடிமை வணிகத்திலும் லாபம் பார்த்தவர். தருமத்தைப் பேசும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டோடு ஒரு நேர்த் தொடர்பும் உண்டு. சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைக் கட்டிய கிழக்கிந்தியக் கம்பெனி, அதற்கு முன்பே 1620-களின் இறுதியில் லண்டன் பாப்லரில் தன் மாலுமிகளுக்காக ஓர் ஆம்ஸ்ஹவுஸ் வைத்திருந்தது. வீடுகள் இன்று இல்லை. 1654-இல் முடிந்த அதன் சிற்றாலயம் மட்டும் நிற்கிறது.

கட்டடம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் ஆம்ஸ்ஹவுஸ் நிலைத்ததும் அழிந்ததும் பத்திரத்தில் எழுதிய ஒரு வரியால்தான். நிலத்தையே எழுதி வைத்தால், குத்தகை உயர உயர வருமானமும் உயரும். அப்படியில்லாமல், இன்ன பண்ணையிலிருந்து ஆண்டுக்கு 10 பவுண்டு என்று தொகையாக எழுதினால், 1600-இல் அது தாராளம், 1800-இலும் அதே 10 பவுண்டு. கூரை ஒழுகும், செப்பனிடக் காசு இருக்காது, குடியிருப்பவர் ஒவ்வொருவராகக் குறைவார்கள். மறைந்துபோன பல ஆம்ஸ்ஹவுஸ்களின் கதை இவ்வளவுதான்.

நிலம் இருந்தும் கெட்டவை உண்டு. அன்றைய குத்தகை முறையில் ஆண்டு வாடகையைச் சொற்பமாக வைத்து, புதுப்பிக்கும்போது மொத்தமாக ஒரு தொகை வாங்குவார்கள். அந்தத் தொகை அறக்கட்டளைக்குப் போகாமல் தலைவரின் பைக்குப் போனால் யாருக்கும் தெரியாது. செயின்ட் கிராஸில் வின்செஸ்டர் ஆயரின் மகனான கில்ட்ஃபர்ட் பிரபு 1808-இல் தலைவரானபின் பல்லாண்டு இப்படித்தான் நடந்தது. வழக்கில் 1853-இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது, 1855-இல் பதவி விலகினார். அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் ஆணையம் சட்டப்படி அமைந்ததும் அதே 1853-இல்தான்.

இனி காலத்தைக் கணிப்பது. வாயிலில் பொறித்த ஆண்டை அப்படியே நம்பாதீர்கள். அது உயில் எழுதிய ஆண்டாகவோ, சாசனம் பெற்ற ஆண்டாகவோ, பின்னால் புதுப்பித்த ஆண்டாகவோ இருக்கலாம். பிரேயில் உள்ள ஜீசஸ் ஹாஸ்பிட்டலுக்கு வில்லியம் காடர்ட் வழிசெய்தது 1609-இல், கட்டடம் எழுந்தது 1627-இல். செங்கல்லைப் பாருங்கள். நீளப்பக்கம் ஒரு வரிசை, தலைப்பக்கம் அடுத்த வரிசை என்று மாறி மாறி அடுக்கியிருந்தால் பழைய முறை. ஒரே வரிசைக்குள் நீளமும் தலையும் மாறி மாறி வந்தால் பெரும்பாலும் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது அதற்குப் பின். நடுவில் செங்குத்தாக நிற்கும் கல் சட்டங்களும் ஈயக்கம்பியில் கோத்த சிறு கண்ணாடிகளும் கொண்ட சன்னல் முந்தையது. மேலும் கீழும் நகரும் மரச்சட்டச் சன்னல் 1700-ஐ ஒட்டியது அல்லது பிந்தையது. ஆனால் சன்னலைப் பின்னால் மாற்றியிருப்பார்கள், ஆகவே அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. மிகவும் ஏமாற்றுவது 19-ஆம் நூற்றாண்டு. அந்தக் காலத்தவர் புதிதாகக் கட்டும்போதும் வேண்டுமென்றே டியூடர் பாணியில் (15, 16-ஆம் நூற்றாண்டு அரச குலத்தின் காலத்துப் பாணி) உயர்ந்த புகைபோக்கியும் கூரான முகப்பும் வைத்தார்கள். செங்கற்கள் எல்லாம் ஒரே அளவில், விளிம்பு கூராக, இணைப்புகள் மெலிதாக இருந்தால் அது இயந்திரக் காலத்துக் கட்டடம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

பழுதுபார்ப்பில் அதிகம் நடக்கும் தவறு சிமென்ட். பழைய செங்கல் மென்மையானது, சுண்ணாம்புச் சாந்து அதைவிட மென்மையானது. சுவரில் ஏறும் ஈரம் சாந்து வழியாக வெளியேறும். இணைப்பில் சிமென்ட் பூசினால் அந்த வழி அடைபட்டு, ஈரம் செங்கல் வழியாக வெளியேறப் பார்க்கும். குளிர்காலத்தில் அது உறைந்து விரியும்போது செங்கல்லின் முகம் பொருக்காக உதிரும். சில ஆண்டுகளில் சிமென்ட் கோடுகள் மட்டும் துருத்தி நிற்க, செங்கல் உள்வாங்கியிருக்கும். சரியான வழி, பழைய சாந்தை இணைப்பின் அகலத்தைப்போல் குறைந்தது இருமடங்கு ஆழத்துக்குக் கையால் சுரண்டி எடுத்து, நனைத்து, ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கரடான மணல் என்ற கலவையை அழுத்தி நிரப்புவது. வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் இந்த வேலையே கூடாது. வெயிலிலும் காற்றிலும் வேகமாகக் காயாமலிருக்க நனைத்த சாக்கு தொங்கவிட வேண்டும். சுண்ணாம்போடு பழகிய நம் கொத்தனார்களுக்கு இது புதிதல்ல.

அடுத்தது புகைபோக்கி. கணப்பை மூடிவிட்டு மேலே காற்றுப் புகாமல் அடைத்தால், உள்ளே பழைய கரியும் ஈரமும் சேர்ந்து சுவரில் பழுப்புக் கறை இறங்கும். மேலே மழை புகாத மூடியும், கீழே காற்றுத் துளையும் இரண்டும் வேண்டும். ஒரு முதியவருக்கு ஓர் அறை என்பது இன்று போதாது என்பதால், இரண்டு வீட்டை இணைத்துக் குளியலறையும் சமையலறையும் வைப்பது வழக்கம். அப்போது இடத்துக்காகக் கீழ்த்தளத்தில் கணப்பின் துருத்தலை உடைத்து எடுத்தால், மேலே நிற்கும் டன் கணக்கான செங்கல்லுக்குத் தாங்கல் போய்விடும். எஃகு உத்தரம் கணக்கிட்டுப் போடாமல் அதில் கைவைக்கவே கூடாது. வரிசை வீடுகளில் இன்னொரு மறைவான ஆபத்து கூரைக்குள் இருக்கிறது. கீழே வீடுகளைப் பிரிக்கும் சுவர், கூரைக்கு அடியில் பல இடங்களில் மேலே எழும்பவே இல்லை. ஒரு வீட்டில் பிடித்த தீ, பரண் வழியாகக் கோடி வீடுவரை ஓடிவிடும். எந்தப் புதுப்பிப்பிலும் முதலில் அங்கே தீத்தடுப்பு வைப்பதே அறிவு.

மரச்சட்டக் கட்டடம் போனால் போனதுதான் என்று நினைக்க வேண்டாம். கவென்ட்ரியில் 1509-இல் நிறுவப்பட்ட ஃபோர்ட்ஸ் ஹாஸ்பிட்டல் 1940 அக்டோபரில் குண்டு விழுந்து பிளந்தது, உள்ளே இருந்தவர்களில் எட்டுப் பேர் இறந்தார்கள். இடிபாட்டிலிருந்து பொறுக்கிய பழைய ஓக் மரங்களையே வைத்து 1950-களின் தொடக்கத்தில் திருப்பிக் கட்டினார்கள். முதியவர்கள் மறுபடி குடியேறினார்கள்.

இங்கிலாந்தில் 1909 முதல் 70 வயதானவர்களுக்கு அரசு ஓய்வூதியம் வந்தபிறகும் ஆம்ஸ்ஹவுஸ் மறையவில்லை, 30,000-க்கும் மேற்பட்டவர்கள் இப்போதும் அவற்றில் வாழ்கிறார்கள். சட்டப்படி அவர்கள் வாடகைதாரர் அல்லர், அறக்கட்டளையின் பயனாளிகள். கொடுப்பது வாடகை அல்ல, பராமரிப்புப் பங்கு. புதிதாகவும் கட்டுகிறார்கள். லண்டன் பெர்மண்ட்சியில் எழுந்த ஆப்பிள்பி புளூ, தோட்ட முற்றத்தைச் சுற்றி வீடுகளை அமைத்தது, 2025-இல் பிரிட்டனின் உயரிய கட்டடக்கலை விருதான ஸ்டிர்லிங் பரிசு பெற்றது.

நேரில் போனால் இவை குடியிருப்புகள் என்பதை மறக்காதீர்கள். சன்னலில் எட்டிப் பார்ப்பது, கதவருகே நின்று படமெடுப்பது வேண்டாம். திறந்திருக்கும் நாளை முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் செயின்ட் கிராஸுக்குப் போங்கள். வாயில் காவலரின் அறையில் நின்று 'வழிப்போக்கர் பங்கு' வேண்டும் என்று கேளுங்கள். ஒரு துண்டு ரொட்டியும் கொம்புக் கோப்பையில் ஒரு மிடறு ஏல் என்ற பியரும் தருவார்கள்.